மின்சாரக் காரின் தொழில்நுட்பத்தையும் கட்டுமானத் தரத்தையும் எடைபோடுவது எப்படி?

மின்சாரக் கார் வாங்க ஷோரூமுக்குள் நுழைபவரிடம் விற்பனையாளர் முதலில் காட்டுவது பெரிய தொடுதிரையைத்தான். அதன்பின் கண்ணாடிக் கூரை, கைபேசியிலிருந்தே ஏ.சி.யைப் போடும் செயலி, தடம் விலகாமல் தானே ஓடும் ஓட்டுநர் உதவி என்று ஒவ்வொன்றாக வரும். அரை மணி நேரம் இப்படிக் கழிந்தபின், கதவு ரப்பரைத் தொட்டுப் பார்க்கவோ, காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லவோ பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் 15 லட்சமோ 25 லட்சமோ, கொடுக்கும் ஒரே தொகையில் இரண்டையும் சேர்த்தே வாங்குகிறோம். ஒன்றுக்கு அதிகம் செலவிட்ட நிறுவனம் மற்றொன்றில் மிச்சம் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அது பின்னாளில் நமக்கு என்ன செலவு வைக்கும் என்பதைக் கண்டுபிடிக்கும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

இதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். காரில் நீங்கள் காணும் ஒவ்வொரு குறையைப் பற்றியும், ஒவ்வொரு வசதியைப் பற்றியும் இப்படிக் கேளுங்கள்: இது பின்னால் மென்பொருள் மூலம் சரியாகக் கூடியதா, உதிரிபாகம் மாற்றினால் சரியாகக் கூடியதா, அல்லது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின் யாராலும் மாற்ற முடியாததா? முதல் வகையைப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவதற்கு விலை கேட்டு வைத்துக்கொள்ளலாம், மூன்றாவதில் தவறு இருந்தால் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.

இந்தப் பிரிவினை வெறும் கருத்து இல்லை என்பதற்கு 2018ஆம் ஆண்டில் டெஸ்லா மாடல் 3 காருக்கு நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு சோதித்தபோது, மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அந்தக் கார் நிற்க ஏறத்தாழ 46 மீட்டர் தேவைப்பட்டது. சில நாட்களில் டெஸ்லா இணையம் வழியாக அனுப்பிய மென்பொருள் மாற்றத்துக்குப் பின், அதே கார் ஏறத்தாழ 6 மீட்டர் முன்னதாகவே நின்றது. அதே ஆண்டில் அதே மாடலைத் திருகு திருகாகப் பிரித்து ஆராய்ந்த பொறியாளர் சாண்டி மன்ரோ, அதன் மின்னணுச் சுற்றுகளை வெகுவாகப் பாராட்டினார். உடற்கூட்டின் தகடுகள் பொருந்திய விதத்தையோ கடுமையாகக் குறை கூறினார். பிரேக் வீட்டு வாசலில் நின்றபடியே சீரானது. தகடுகளின் இடைவெளியைச் சீராக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

ஆனாலும் தொழில்நுட்பம் என்றால் திருத்தக்கூடியது, கட்டுமானம் என்றால் திருத்த முடியாதது என்று கோடு கிழித்துவிட முடியாது. 2021 பிப்ரவரியில் டெஸ்லா தன் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 1,35,000ஐ, பழுது நீக்கித் தர, அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. காரணம், தொடுதிரைக்குப் பின்னால் இருந்த 8 ஜி.பி. நினைவகச் சில்லு, திரும்பத் திரும்ப எழுதப்பட்டுத் தேய்ந்து போனதுதான். சில்லு தேய்ந்ததும் திரை அணைந்தது. திரையோடு பின்பக்கக் கேமராவும், கண்ணாடியின் பனிமூட்டம் நீக்கும் கட்டுப்பாடும் போயின. மிக நவீனமாகத் தெரிந்த வசதி, விலை மலிவான ஒரு பாகத்தின் ஆயுளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ‘கட்டுமானத் தரம்’ என்னும்போது கண்ணுக்குத் தெரியும் பெயிண்டையும் கதவையும் மட்டும் எண்ணிக்கொள்ளக் கூடாது. பேட்டரியின் உள்ளே, கம்பி இணைப்புகளின் உள்ளே, திரையின் பின்னே இருக்கும் தரமே அதிகம் கணக்கில் வர வேண்டும்.

முதலில் பேட்டரி

செவ்ரோலே போல்ட் கார்கள் சில தீப்பற்றியதைத் தொடர்ந்து, 2021இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதுவரை தயாரித்த போல்ட் கார்கள் அனைத்தையும், ஏறத்தாழ 1,42,000 கார்களை, திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஒரே மின்கலத்துக்குள் நேர்மின் எதிர்மின் தகடுகளைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு மடிந்திருந்ததும், தகட்டின் இணைப்பு நாக்கு கிழிந்திருந்ததும் சேர்ந்தபோது தீ உண்டானது என்று கண்டறிந்தார்கள். வடிவமைப்பில் பிழை இல்லை. தொழிற்சாலையில் கைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் நேர்ந்த பிழை. இதை வாங்குபவர் எவராலும் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் அந்த மின்கலத்தை யார் செய்கிறார்கள், அதே மின்கலம் வேறு எந்தக் கார்களில் எத்தனை ஆண்டுகளாக ஓடுகிறது, அந்த மாடலுக்குத் திரும்ப அழைப்பு வந்திருக்கிறதா, வந்திருந்தால் நிறுவனம் பேட்டரியையே மாற்றிக் கொடுத்ததா அல்லது சார்ஜ் அளவைக் குறைத்துச் சமாளித்ததா என்று கேட்க முடியும். திரும்ப அழைப்பு வந்தது என்பதற்காக மட்டும் ஒரு காரை ஒதுக்க வேண்டாம். அழைத்தபின் என்ன செய்தார்கள் என்பதே நிறுவனத்தின் தரத்தைக் காட்டும்.

நம் ஊருக்கு அடுத்த பெரிய கேள்வி வெப்பம். நிஸான் லீஃப் காரின் முதல் தலைமுறையில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு கிடையாது. சுற்றியுள்ள காற்றை நம்பியே அது இருந்தது. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநில வெயிலில் ஓடிய லீஃப் கார்களில் பேட்டரியின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்தது. உரிமையாளர்களின் புகார்களுக்குப் பின், கொள்ளளவுக்கென்றே தனி உத்தரவாதம் தர நிஸான் முன்வந்தது. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் செல்வது வாடிக்கை என்பதால் இது நமக்கு நேரடியான பாடம். பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு உள்ளதா, டி.சி. எனப்படும் நேர்மின்னோட்ட வேகச் சார்ஜரில் போட்டிருக்கும்போதும் அது இயங்குமா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், எவ்வளவு பெரிய திரை இருந்தாலும் அந்தக் காரை நீண்ட நாள் வைத்திருக்கும் எண்ணத்தில் வாங்காதீர்கள்.

மின்கலத்தின் வேதியியலும் இங்கே சேரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, ஒரே அளவு மின்சாரத்துக்குச் சற்று அதிக எடை கொண்டது. ஆனால் வெப்பத்தையும் அடிக்கடி சார்ஜ் செய்வதையும் நன்றாகத் தாங்கும், முழுமையாக 100 சதவீதம் ஏற்றினாலும் அதிகம் கெடாது. நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகையில் அதே எடைக்கு அதிக தூரம் கிடைக்கும். அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது அதன் ஆயுளுக்கு நல்லது. வெயில் மிகுந்த ஊரில் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு முதல் வகையையே பரிந்துரைப்பேன்.

ஓடும் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் அச்சிட்ட எண் ஆய்வகத்தில் கிடைத்தது. டாடா நெக்ஸான் ஈவியின் 45 கிலோவாட் மணி பேட்டரிக்கு அறிவிக்கப்பட்ட தூரம் 489 கிலோமீட்டர்; நடைமுறையில் 350 முதல் 375 கிலோமீட்டர் கிடைக்கும் என்று அந்த நிறுவனமே தனியாகச் சொல்கிறது. மற்ற நிறுவனங்களின் எண்ணையும் இதே விகிதத்தில் குறைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

அடிப்பகுதியும் தண்ணீரும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நின்ற வெள்ளத்தைப் பார்த்தவர்கள், மின்சாரக் காரைப் பற்றி முதலில் கேட்பது தண்ணீரைத்தான். பேட்டரி ஐபி67 தரம் பெற்றது என்று விற்பனையாளர் சொல்வார். தூசி உள்ளே புகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் இருந்தாலும் நீர் புகாது என்பதே அதன் பொருள். அது புதிய பேட்டரிப் பெட்டிக்கு, ஆய்வகத்தில், அசையாத தண்ணீரில் கிடைத்த சான்று. ஐந்து ஆண்டு வெயிலில் காய்ந்த ரப்பர் அடைப்புக்கும், வேகத்தடையில் அடிபட்டு நெளிந்த பெட்டிக்கும் அது பொருந்தாது.

ஆகவே காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியில் நின்று பாருங்கள். தயங்கும் டீலரிடம் இதை வற்புறுத்திக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. பேட்டரிப் பெட்டிக்குக் கீழே உலோகப் பாதுகாப்புத் தகடு உள்ளதா, ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கம்பிகள் தாழ்வாகத் தொங்காமல் உறைக்குள் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா, திருகுகளில் இப்போதே துரு தெரிகிறதா, அடிப்பூச்சு எல்லா இடத்திலும் சீராக உள்ளதா என்று கவனியுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. உப்புக் காற்றுக்கு முதலில் இரையாவது அடியிலுள்ள திருகுகளும் இணைப்பு முனைகளும்தான். தரையிலிருந்து உள்ள உயரத்தைக் காலிக் காருக்கும், ஐந்து பேர் அமர்ந்த காருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடியில் உள்ள பெரிய பேட்டரியைக் கவனிப்பவர்கள் பலர் முன்னால் உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். கதவுப் பூட்டு, திரை, கட்டுப்பாட்டுக் கணினிகள் எல்லாம் விழித்தெழுவது அதன் துணையால்தான். அதற்கு மின்சாரம் ஏற்றும் பகுதியில் கோளாறு ஏற்படலாம் என்று கூறி, 2024இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தக் கோளாறு வந்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் நகராமல் போகலாம். 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டால் வெளியிலிருந்து கதவைத் திறப்பது எப்படி, உள்ளே இருப்பவர் கையால் இழுத்துத் திறக்கும் நெம்புகோல் எங்கே, அது பின் இருக்கைக் கதவுகளிலும் உண்டா என்பதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கதவோடு கதவாகப் பதிந்த மின்சாரக் கைப்பிடி அழகாக இருக்கலாம். அவசரத்தில் குழந்தையை வெளியே எடுக்க முடியாத காரில் அழகைப் பேச எதுவும் இல்லை.

உடற்கூடும் ஓட்டமும்

தகடுகளுக்கு இடையிலான இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். தடித்த அட்டை ஒன்றை இடைவெளியில் விட்டு நெடுக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இலேசான ஏற்றத்தாழ்வு தனியாக எந்தத் தீங்கும் செய்யாது. அதற்காகக் காரை நிராகரிக்க வேண்டியதில்லை. அதே இடத்தில் காற்றுச் சத்தமும் கேட்டால், அல்லது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தபின் உள்ளே ஈரம் தெரிந்தால் நிராகரியுங்கள். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி அடியில் கைவிட்டுப் பார்ப்பதும் இந்தச் சோதனையில் சேரும்.

பாகங்களை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். டெஸ்லா சைபர்டிரக்கில் கண்ணாடியை ஒட்டிய வெளிப்புறத் தகடு பசையால் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பசை உதிர்ந்து தகடு ஓட்டத்தில் கழன்று விழக்கூடும் என்பதால் 2025 மார்ச்சில் 46,000க்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன; புதிய பசையோடு திருகும் சேர்த்துப் பொருத்தும்படி ஆயிற்று. ஓட்டுநர் உதவிக்கும் கணினிக்கும் பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டியிலேயே இது நடந்தது.

மின்சாரக் காரில் பேட்டரி மட்டுமே 300 முதல் 500 கிலோ வரை இருப்பதால் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களும் டயர்களும் அதிகச் சுமை ஏற்கின்றன. எஞ்சின் ஓசை இல்லாததால், பெட்ரோல் காரில் காதில் விழாத சிறு கடகடப்பும் இதில் தெளிவாகக் கேட்கும். டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையில் போகாதீர்கள். குடும்பத்தோடு ஏறி, நீங்கள் அன்றாடம் செல்லும் குண்டும் குழியுமான சாலையில், பாட்டையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பாதி வழியில் பின் இருக்கைக்கு மாறி அமருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் கிரீச்சொலியை மெக்கானிக் ஒரு துண்டுப் பஞ்சில் சரிசெய்துவிடலாம். கீழிருந்து வரும் ‘தட்’ என்ற கனமான ஓசை வேறு சங்கதி.

எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை எது என்று கேட்டால், புதிய காரை விட்டுவிட்டு நிறைய ஓடிய அதே மாடலை ஓட்டிப் பாருங்கள் என்பேன். டீலரிடம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டெமோ வண்டி இருக்கும். கால் டாக்ஸியாக ஓடும் மாடல் என்றால் அதன் ஓட்டுநரிடம் பேசுங்கள். எந்தப் பாகம் எப்போது மாற்றினார், சர்வீஸ் சென்டரில் எத்தனை நாள் காத்திருந்தார், சார்ஜ் முன்பு போல நிற்கிறதா என்று அவர் மறைக்காமல் சொல்வார். புதிய கார் எல்லா நிறுவனத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

விபத்துப் பாதுகாப்புக்கு, 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் தரும் நட்சத்திரங்களைப் பார்க்கலாம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறத்தின் 40 சதவீத அகலம் மட்டும் மோதவிட்டும், பக்கவாட்டில் மோதவிட்டும் அது சோதிக்கிறது. மஹிந்திரா எக்ஸ்இவி 9இ, டாடா ஹாரியர் ஈவி ஆகியவை பெரியவர்களின் பாதுகாப்பில் 32க்கு 32 பெற்றன. ஆனால் இந்த மதிப்பெண் கூட்டின் வலிமையைப் பற்றியது. பெயிண்டின் தரத்தையோ, ரப்பரின் ஆயுளையோ, மின்னணுப் பாகங்களின் உழைப்பையோ பற்றி ஒன்றும் சொல்லாது. ஐந்து நட்சத்திரக் காரிலும் தண்ணீர் ஒழுகலாம்.

தொழில்நுட்பத்தைச் சோதிக்கும் விதம்

முதலில் ஒரு விதி: வாங்கும் நாளில் காரில் இல்லாத வசதிக்கு ஒரு ரூபாய் மதிப்பும் கொடுக்காதீர்கள். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் வந்துவிடும் என்பது வாக்குறுதி மட்டுமே. ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே 2020இல் ஐடி.3 காரைச் சில மென்பொருள் வசதிகள் முழுமையாகாத நிலையில் முதல் வாடிக்கையாளர்களுக்கு விற்கத் தொடங்கியது. நிறுவனத்தின் வாக்கை எடைபோட வேண்டுமென்றால், அதன் மூன்று ஆண்டுப் பழைய காரை வைத்திருப்பவரைக் கேளுங்கள்: புதுப்பிப்புகள் இன்னும் வருகின்றனவா, வீட்டிலேயே இறங்குகின்றனவா, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டுமா? செயலி வசதிகளுக்கான சந்தா எத்தனை ஆண்டுக்கு இலவசம், அதன்பின் எவ்வளவு என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

தொழில்நுட்பம் என்ற பெயரில் இருந்தாலும் வன்பொருளோடு முடிந்துபோன சில உண்டு. காரின் உள்ளே உள்ள ஏ.சி. (மாறுமின்னோட்ட) சார்ஜரின் திறன், கேமராவின் தரம் ஆகியவை எந்தப் புதுப்பிப்பிலும் கூடிவிடாது. இவற்றை மூன்றாவது வகையில் வைத்தே பாருங்கள்.

திரையை நண்பகலில் வெயில் படும்படி நிறுத்தியும், இரவில் மழையிலும் சோதிப்பது நல்லது. ஏ.சி. அளவை மாற்ற எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது, ரிவர்ஸ் போட்டதும் கேமரா எவ்வளவு நேரத்தில் வருகிறது, திரை அணைந்து மறுபடி உயிர்பெறும்போது வேகமானியும் இண்டிகேட்டரும் வேலை செய்கின்றனவா? இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டுணரும் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதை 2026 முதல் ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் தன் மதிப்பீட்டில் கணக்கிடுகிறது. எல்லாவற்றையும் திரைக்குள் தள்ளுவது பெரும்பாலும் செலவைக் குறைக்கும் வழி. அதைப் புதுமை என்று எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஓட்டுநர் உதவியை நெடுஞ்சாலையில் போட்டுப் பாருங்கள். எதிர்த்திசையில் வரும் இரு சக்கர வண்டியையும், சாலையோரம் நிற்கும் மாட்டையும் பார்த்து அது தேவையின்றிப் பிரேக் போட்டால், பின்னால் வரும் பேருந்துக்கு அது தெரியாது. பிடிக்காத பகுதியை மட்டும் அணைக்க முடியுமா, அணைத்தது அடுத்த முறை காரை எடுக்கும்போதும் அப்படியே இருக்குமா என்று பாருங்கள். முன் கண்ணாடி உடைந்தால் அதன் பின்னால் உள்ள கேமராவைத் திரும்ப நிலைப்படுத்த என்ன செலவு, காப்பீடு அதை ஏற்குமா என்பதையும் கேட்டு வைக்கவும்.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது

மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. பேட்டரியின் குளிர்விப்பில் தோற்ற கார், திரையில் வாங்கிய மதிப்பெண்ணால் முன்னுக்கு வந்துவிடும். பேட்டரி, விபத்துப் பாதுகாப்பு, நீர் புகாமை ஆகிய மூன்றையும் வாயிற்படியாக வையுங்கள். அதைத் தாண்டிய கார்களுக்கு இடையில் மட்டும் மற்றவற்றை ஒப்பிடுங்கள்.

அங்கே முடிவு செய்வது நீங்கள் வைத்திருக்கப் போகும் காலம். மூன்று, நான்கு ஆண்டில் மாற்றிவிடுபவருக்குப் புதிய தொழில்நுட்பம் கொடுத்த பணத்துக்கு ஈடாகும். பத்தாண்டு ஓட்டுபவருக்கு, இன்றைய திரை எப்படியும் பழையதாகிவிடும். அவருக்குத் துணை நிற்பவை உடற்கூடும் சஸ்பென்ஷனும் உதிரிபாகக் கிடைப்பும்தான். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், பெட்ரோல் கிரெட்டாவின் கூட்டில் உருவானது. அந்தக் கூட்டின் குணமும் குறையும் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. மஹிந்திரா பிஇ 6, மின்சாரத்துக்கென்றே புதிதாக அமைத்த அடித்தளத்தில் 2024 நவம்பரில் அறிமுகமானது; இட வசதியிலும் மென்பொருளிலும் அதனால் ஆதாயம் உண்டு, நீண்ட கால உழைப்புக்கான சான்று இனிமேல்தான் சேர வேண்டும். வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் தூத்துக்குடி ஆலையோ 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. புதிய அடித்தளமோ புதிய ஆலையோ எந்த நிறுவனத்துடையதானாலும் முதல் ஆண்டுத் தயாரிப்பைத் தவிர்ப்பது நல்லது. அவசரமில்லாதவர் பொறுத்திருந்து வாங்கலாம்.

உத்தரவாத ஏட்டையும் இதற்குத் துணையாகக் கொள்ளலாம். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பொதுவான வழக்கம். சில நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. டாடாவின் ஏட்டில் வாழ்நாள் என்பது பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு, அதுவும் முதல் உரிமையாளருக்கு மட்டும். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். திரைக்கும் மற்ற மின்னணுப் பாகங்களுக்கும் எத்தனை ஆண்டு என்பது அதே ஏட்டில் வேறிடத்தில், பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். அந்தக் காலம் முடிந்தபின் திரை பழுதானால் ஆகும் விலையை உதிரிபாகப் பிரிவில் கேட்டு, காரின் விலையோடு கூட்டி எண்ணிப் பாருங்கள்.

பணம் கட்டி முடித்தாலும் ஆர்.டி.ஓ.வில் பதிவாகும் முன் காரை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு வேறு கார் கேட்பது மிகவும் கடினம். பகல் வெளிச்சத்தில், காரைக் கழுவித் துடைத்தபின் பாருங்கள். தயாரிப்பு மாதத்தைச் சரிபார்த்து, ஏ.சி., டி.சி. இரண்டு சார்ஜர்களிலும் இணைத்து மின்சாரம் ஏறுவதைக் கண்ணால் கண்டு, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவார்கள் என்பதையும் சேர்த்து, டீலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டபின் பதிவுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.